பாலம் தூக்கிய சனிக்கிழமை

பில்சன், சிகாகோ
ஜனவரி 14

அன்புள்ள அக்கா,

போனை நீ எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் நான் என்ன பேசியிருப்பேன் என்று தெரியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

மூன்று ராஜாக்கள் திருநாளன்று நீ பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனபிறகு உன் பங்கு வளைய ரொட்டியை அம்மா துணி போட்டு மூடி வைத்திருந்தாள். நீ திரும்பி வருவாய் என்று நினைத்திருக்கிறாள். ரொட்டிக்குள் வைத்த பொம்மை என் துண்டில்தான் இருந்தது. ஆகவே வழக்கப்படி பிப்ரவரி இரண்டாம் தேதி எல்லோருக்கும் சோளமடலில் மாவைப் பொதிந்து அவித்துத் தமாலே செய்து போட வேண்டியது என் பொறுப்பு. உனக்கும் அனுப்புகிறேன். கோபத்தோடு சாப்பிட்டாலும் பரவாயில்லை.

உன் பெண் யாரெலியின் பதினைந்தாம் பிறந்தநாள் விழாவுக்கு நீ ஒவ்வொருவரையாகக் கேட்டுக்கொண்டு வந்தாய். ஒவ்வொன்றையும் பொறுப்பேற்று நடத்த ஒருவர்: கேக்குக்கு ஒரு ஞானத்தாய், செருப்புக்கு ஒரு ஞானத்தாய், கிரீடத்துக்கு அம்மா. எல்லோரும் தலையாட்டினார்கள். வாழ்த்துரைக்கு ஞானத்தாயாக என்னை நிற்கச் சொன்னாய். நான் மட்டும் "வேண்டாம் அக்கா" என்றேன். இருநூறு பேர் முன்னால் மைக்கைப் பிடித்து நிற்பதை நினைத்ததுமே வாயில் அந்தச் சொல்தான் வந்தது. யாரெலி வேண்டாம் என்றோ, நீ வேண்டாம் என்றோ நான் சொல்லவில்லை. ஆனால் மேஜையைச் சுற்றி இருந்தவர்களுக்கு அது அப்படித்தான் கேட்டிருக்கும்.

இங்கே பனி முட்டளவு. அருங்காட்சியக வாசல் சிங்கங்களின் கழுத்தில் கிறிஸ்துமஸ் மாலையை இன்னும் கழற்றவில்லை. அவற்றின் முகத்தைப் பார்த்தால் அவையும் யாரிடமோ கோபித்துக்கொண்டிருப்பதுபோல் இருக்கிறது.

உன் தங்கை
நோஹெமி


மஸ்கட்டீன், அயோவா
ஜனவரி 27

நோமி,

உன் கடுதாசி வந்துச்சு. உன்னை மாதிரி எனக்கு எழுத வராது. பேசுற மாதிரியே எழுதுறேன், படிச்சுக்கோ.

போனை எடுக்கலைன்னு எழுதியிருக்கே. எடுத்தா மட்டும் என்ன ஆகப்போகுது? நான் அலோ அலோன்னு கத்தணும், அந்தப் பக்கம் நீ மூச்சு விடுறது மட்டும் கேக்கும். அதுக்கு மாட்டைக் கூப்பிட்டுப் பேசலாம், ம்மான்னாவது சொல்லும். இங்க பக்கத்துலயே பண்ணை இருக்கு.

ஞானத்தாயா நில்லுன்னு கேட்டு நம்ம குடும்பத்துல இதுவரைக்கும் ஒருத்தர் மாட்டேன்னு சொன்னதில்ல. சில்வெரியோ மாமா கால்ல மாவுக்கட்டோட வந்து நின்னாரு, ஞாபகம் இருக்கா? நீ என்னடான்னா எம் புருசன் எஃப்ராயின் வீட்டு ஆளுங்க அத்தனை பேரு முன்னாடி வேண்டாங்குறே. எம் மூஞ்சியை எங்க வெச்சுக்கிறது? காலேஜ் படிச்ச தங்கச்சிக்கு நம்ம வீட்டு விசேஷம் கொறச்சலாப் போச்சான்னு ஒருத்தி கேட்டே கேட்டுட்டா.

உன்னைப் பேசச் சொன்னது நான் இல்ல. யாரெலி. "சித்தி பேசினா நல்லா இருக்கும், அவங்க எல்லாத்தையும் கவனிப்பாங்க"ன்னு அவளாத்தான் சொன்னா. இப்ப எஃப்ராயினோட அக்கா க்ரிசெல்டா நான் பேசுறேன்னு வந்து நிக்கிறா. அவ கையில மைக்கு போச்சுன்னா கேக்கு காய்ஞ்சு கல்லாயிடும். எல்லாம் உன்னால.

தமாலே அனுப்பு. பச்சை மிளகா வெச்சது. இனிப்பு வேணாம்.

ரோசியோ


பில்சன்
பிப்ரவரி 9

அன்புள்ள அக்கா,

தமாலே வந்து சேர்ந்திருக்கும். மேல் வரிசை பச்சை மிளகாய். அடி வரிசை இனிப்பு, அது யாரெலிக்கு.

உன் கடிதத்தைப் பல தடவை படித்தேன். படிப்பு வந்ததால் எனக்குக் குரல் போய்விட்டது என்று க்ரிசெல்டா வீட்டார் நினைக்கலாம். நீ அப்படி நினைக்க மாட்டாய், உனக்குத்தான் என்னைத் தெரியுமே. சின்ன வயதில் பதினெட்டாம் தெருவில் தள்ளுவண்டிக்காரர் முன்னால் நான் உன் கையை அழுத்துவேன். நீ உடனே, "அவளுக்கு மாங்கா வேணுமாம், மொளகாப்பொடி நெறைய" என்பாய். பள்ளிக்கூடத்தில் டீச்சர் பெயர் கேட்டபோதும் உன் கையைத்தான் அழுத்தினேன். எனக்காகப் பேச நீ இருந்தாய். நான் பேசக் கற்றுக்கொள்ளவேயில்லை.

வேலை கிடைத்த இடத்திலும் அப்படித்தான். எங்கள் கம்பெனிப் படகில் மற்றவர்கள் மைக்கைப் பிடித்து ஆற்றங்கரைக் கட்டிடங்களைக் காட்டிக்கொண்டு போகிறார்கள். நான் அலுவலகத்தில் உட்கார்ந்து, ஊர் பார்க்க வருகிறவர்கள் எழுதிக் கேட்பதற்குப் பதில் எழுதுகிறேன். எது எப்போது திறக்கும், எங்கே நின்றால் படம் நன்றாக வரும், எந்தப் பாலம் எது. இதை மட்டும் நான் நன்றாகச் செய்கிறேன் அக்கா.

அதனால் ஒன்று கேட்கிறேன். படத்துக்கு ஞானத்தாய் இன்னும் யாரும் இல்லையென்றால் என்னை வைத்துக்கொள். விழா அன்று காலை, கோயிலுக்குப் போவதற்கு முன், யாரெலியை ஊரில் நல்ல இடங்களில் நிறுத்திப் படம் எடுக்க வேண்டும் அல்லவா? படக்காரரை நானே ஏற்பாடு செய்கிறேன். எங்கே, எந்த வெளிச்சத்தில் என்பதெல்லாம் என் பொறுப்பு. அதற்கு மைக் தேவையில்லை.

இதற்கும் நீ வேண்டாம் என்றால் எனக்கு வலிக்கும். உனக்கு அன்று எப்படி இருந்திருக்கும் என்று அப்போது தெரிந்துகொள்வேன்.

நோஹெமி


மஸ்கட்டீன்
பிப்ரவரி 21

நோமி,

தமாலே உப்புக் கம்மி. ஆனா மிச்சம் ஒண்ணுகூட இல்ல.

சரி, நீயே படத்துக்கு நில்லு. உனக்காக இல்ல, யாரெலிக்காக. அஞ்சு வயசுல ஊரை விட்டு வந்த புள்ள, இன்னும் யார் கேட்டாலும் நான் சிகாகோங்குறா. இங்க அவ கூடப் படிக்கிறதுங்க நம்பலையாம். பின்னாடி சிகாகோ தெரியுற மாதிரி எடுக்கணுமாம்.

மொச்சைக்கிட்ட எடுக்கணும், மொச்சைக்கொட்டை மாதிரி பளபளன்னு பெரிய எஃகுச் சிலை, அதுல ஊரே வளைஞ்சு தெரியுமே, அப்படி. சிங்கத்துக்கிட்ட. ஆத்துப் பாலத்துக்கிட்ட, அந்த மணிக்கூண்டு வெச்ச வெள்ளைக் கட்டிடம் தெரியணும். சியர்ஸ் கோபுரம் எங்கயாச்சும் ஓரமா எட்டிப் பாக்கணும். அதுக்குப் பேரு மாத்திட்டாங்கன்னு மட்டும் எங்கிட்ட சொல்லாத, அதெல்லாம் உன் ஊர் பாக்க வர்றவங்களுக்குச் சொல்லு.

எல்லாத்துக்கும் மேல, ஏரிக்கரை நீரூத்து. தண்ணி நல்லா உசரப் போகும்போது, அவ கவுனை விரிச்சுக்கிட்டு நிக்கணும். மத்தது எது விட்டுப்போனாலும் போகட்டும். அது விடக்கூடாது. சொல்லிட்டேன்.

மே நாலு, சனிக்கிழமை. பூசை பன்னண்டு மணிக்கு. நாங்க முந்தின நாளே வந்துடுவோம். சிசரோவுல க்ரிசெல்டா வீட்டுலதான் தங்குறோம். அம்மாகிட்ட நீயே பக்குவமாச் சொல்லிடு.

ரோசியோ

(சித்தி, கவுன் வாடாமல்லி கலர். மொச்சைல நல்லாத் தெரியும்ல? இனிப்புத் தமாலே எனக்குன்னு எழுதியிருந்தும் அம்மாதான் தின்னாங்க. யாரெலி.)


பில்சன்
மார்ச் 19

அன்புள்ள அக்கா,

சிசரோ என்றதும் அம்மா போய்ப் பாத்திரம் தேய்த்தாள். ஏற்கெனவே தேய்த்த பாத்திரம். ஆனால் கிரீடத்தைப் பற்றிப் பேச்செடுத்ததும் சரியாகிவிட்டாள். இருபத்தாறாம் தெருக் கடையில் சொல்லிவைத்திருக்கிறாள். விழா அன்று காலை நானே எடுத்து வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் கூட்டிக்கொண்டு நீ சொன்ன இடங்களையெல்லாம் பார்த்துவிட்டு வந்தேன். இத்தனை வருஷமாக இந்த ஊரில் இருக்கிறாள், கோபுரத்து உச்சிக்குப் போனதேயில்லை. "அது வடக்கு எதுன்னு பாத்துக்க வெச்சிருக்கிறது. மேல ஏறிட்டா வடக்கு எதுன்னு எப்படித் தெரியும்?" என்றாள். ஏறியபிறகு சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கண்ணாடிப் பெட்டிக்குள் கால் வைக்க மாட்டேன் என்று தூணைப் பிடித்துக்கொண்டாள். நம் தெருவைக் காட்டினேன். நம் வீட்டை மறைத்துக்கொண்டு வேறு ஏதோ வீடு நின்றது. அதற்காக அந்த வீட்டுக்காரர்களை நாள் முழுக்கத் திட்டினாள்.

மொச்சையில் தன் உருவத்தைப் பார்த்துவிட்டு, "இதுல நான் க்ரிசெல்டா மாதிரி இருக்கேன்" என்று வேறு பக்கம் போய் நின்றாள். பளபளப்பு நன்றாக இருக்கிறது. வாடாமல்லி எடுப்பாகத் தெரியும் என்று யாரெலியிடம் சொல். ஆற்றில் இன்னும் கொஞ்சம் பச்சை பாக்கி இருக்கிறது, சனிக்கிழமை ஐரிஷ் திருவிழாவுக்காகக் கலந்த சாயம். தூவும்போது ஆரஞ்சாக இருக்கிற பொடி தண்ணீரில் பச்சையாவது எப்படி என்று கேட்டு இந்த வாரம் ஒரே கடிதங்கள்.

இனி நீ கோபப்படப்போகும் விஷயம். நீரூற்றை மே மாதம் நடுவில்தான் திறப்பார்களாம். நான்காம் தேதி அதில் தண்ணீர் இருக்காது. பூங்கா அலுவலகத்துக்கு எழுதியே கேட்டுவிட்டேன். குளிர்காலம் முழுக்க வறண்டு கிடந்த கல்தொட்டிதான் அன்றும் இருக்கும். அதற்குப் பதில் ஏரிக்கரைப் படிகளில் வைத்து எடுக்கலாம், ஊர் முழுக்கப் பின்னால் வரும். உனக்குச் சம்மதமா?

நோஹெமி


மஸ்கட்டீன்
ஏப்ரல் 2

நோமி,

சம்மதமான்னு கேக்குறே. வேற என்ன செய்ய முடியும்? மண்டபம் சொல்லியாச்சு, சாமியார்கிட்ட சொல்லியாச்சு. அந்த ஊர்லயே பொறந்து வளந்தவ நான், நீரூத்துக்கு மூடுற மாசம் தொறக்குற மாசம் உண்டுங்கிறது மறந்தே போச்சு. வெளியூர்க்காரி ஆயிட்டேன் போல.

ரெண்டு நாள் எல்லார் மேலயும் எரிஞ்சு விழுந்தேன். தண்ணி இல்லாட்டி என்னம்மான்னு யாரெலி கேட்டா. அவகிட்ட சொல்லல. உங்கிட்ட சொல்றேன்.

எனக்குப் பதினஞ்சு ஆனப்ப விழா வைக்கல. அப்பா போய் ஒரு வருசம்கூட ஆகல, அம்மாவுக்கு ரெண்டு வேலை. நானும் ஒண்ணும் கேக்கல. அன்னைக்கு ஜூலை வெயில். உன்னை இடுப்புல தூக்கிக்கிட்டு பஸ் ஏறி அந்த நீரூத்துக்குப் போனேன். உனக்கு மூணு வயசு. பள்ளிக்கூடத்து வெள்ளைச் சட்டைதான் போட்டிருந்தேன். அங்க எவளோ ஒருத்தி பெரிய ரோஸ் கவுனு போட்டுக்கிட்டுப் படம் எடுத்துக்கிட்டிருந்தா, கூட ஒரு பட்டாளம். நான் காத்தடிக்கிற பக்கமாப் போய் நின்னேன். தண்ணி பறந்து வந்து ரெண்டு பேரும் தொப்பலா நனைஞ்சோம். நீ ஒரு வார்த்தை பேசலை. ஆனா சிரிச்சே. வீட்டுக்கு வர்ற வரைக்கும் சிரிச்சுக்கிட்டே வந்தே.

என் பதினஞ்சுக்கு வந்த ஒரே ஆளு நீதான். உனக்கு எங்க ஞாபகம் இருக்கப்போவுது.

அதான் நீரூத்து. அதான் யாரெலி உன் பேரைச் சொன்னதும் உன்னை மைக்குகிட்ட நிக்கச் சொன்னேன். சரி விடு. ஏரிக்கரைப் படி நல்லா இருக்கும்.

ரோசியோ


பில்சன்
ஏப்ரல் 23

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். எழுதியதெல்லாம் பிடிக்காமல் கிழித்துப் போட்டேன். எனக்கு ஞாபகம் இல்லைதான். ஞாபகம் இருந்ததாகப் பொய் சொல்ல மனம் வரவில்லை. ஆனால் நீரூற்றுப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்குக் காரணமில்லாமல் சிரிப்பு வரும். அது எதனால் என்று இப்போதுதான் தெரிகிறது.

நான்காம் தேதிக்கு ஏற்பாடு இதுதான். படக்காரர் பெயர் லாசரோ, நம் தெருக்காரர், பொறுமைசாலி. நீங்கள் காரில் சிசரோவிலிருந்து நேரே ஆற்றுக்கு வடகரைக்கு, வெள்ளைக் கட்டிட வாசலுக்கு வந்துவிடுங்கள். நான் அம்மாவைக் கோயிலுக்கு அனுப்பிவிட்டு, கடையில் கிரீடத்தை வாங்கிக்கொண்டு பஸ்ஸில் தென்கரையில் இறங்கிப் பாலத்தை நடந்து கடந்து வருகிறேன். ஒன்பது மணி. அந்நேரம் வெயில் அந்த வெள்ளைச் சுவரில் விழும். அங்கிருந்து மொச்சை, சிங்கங்கள், கடைசியில் ஏரிக்கரை. பூசைக்கு நேரம் இருக்கும். எதுவும் தவறாது, நான் எல்லாவற்றையும் யோசித்துவிட்டேன்.

வேலை நிறைய. இன்று ஒரு ஜப்பானியத் தம்பதிக்குப் பதில் எழுதினேன். பாலங்கள் வாய் பிளந்து நிற்பதைப் பார்க்க வேண்டுமாம். வசந்தத்தில் புதன், சனி காலைகளில் வாருங்கள், பாய்மரப் படகுகள் ஏரிக்குப் போவதற்காக ஒவ்வொரு பாலமாகத் தூக்குவார்கள் என்று எழுதினேன். அவர்களுக்கு ரொம்பச் சந்தோஷமாம்.

சனிக்கிழமை பார்ப்போம் அக்கா.

நோஹெமி


மஸ்கட்டீன்
மே 8

அடியே நோமி,

பாலம் என்னைக்குத் தூக்குவாங்கன்னு உலகத்துக்கே பதில் எழுதுறவ நீ. நம்ம வீட்டுப் படத்தை அதே சனிக்கிழமை காலையில, அதே பாலத்துகிட்ட வெச்சே பாரு, அதைச் சொல்லிச் சொல்லி எஃப்ராயின் அயோவா வர்ற வரைக்கும் சிரிச்சாரு. நான் அந்த ஊர்க்காரிதான், எனக்கும் தோணலையே! படிச்சவளுக்கும் தோணலை, படிக்காதவளுக்கும் தோணலை.

இந்தப் பக்கம் எப்படி இருந்துச்சுன்னு உனக்குத் தெரியாது, கேளு. காரை விட்டு எறங்குறோம், மணி அடிக்குது. கண்ணு முன்னாடி ரோடு அப்படியே எந்திரிச்சு செவுரு மாதிரி நிக்குது. அந்தப் பக்கம் நீ, உன் கையில கிரீடம். யாரெலி வெறுந்தலையா நிக்கிறா. கீழ பார்த்தா பாய்மரப் படகு ஒண்ணு, அது பின்னாடி ஒண்ணு, வந்துக்கிட்டே இருக்கு. அதுங்களுக்கு ஏரிக்குப் போறதுக்கு என்ன அவசரம்? ஆடி அசைஞ்சு போவுதுங்க. லாசரோ கடிகாரத்தைப் பார்க்கிறாரு. க்ரிசெல்டா, "நான் அப்பவே நெனச்சேன்"ங்குறா. அவ எப்ப நெனைச்சா? புள்ள அழ ஆரம்பிச்சிட்டா. மை எல்லாம் கன்னத்துல.

அப்பத்தான் உனக்குப் போன் அடிச்சேன். எடுத்தே. மூச்சு விட்டே. "பேசுடி!"ன்னு கத்திட்டு வெச்சுட்டேன். அதுக்கு மன்னிச்சுக்கோ.

அப்புறம் பார்த்தா, அக்கரையில பாலத்துக்குப் பக்கத்துல இருக்குற படிக்கட்டு வழியா மஞ்சக் கோட்டு ஒண்ணு தண்ணிக்கரைக்கு ஓடி வருது. கிரீடத்தைத் தலைக்கு மேல தூக்கிக்கிட்டு. "யாரெலி"ன்னு ஒரு சத்தம். நான் யாரோன்னு நெனைச்சேன். சத்தியமா. உன் குரல் அவ்வளவு பெருசுன்னு எனக்கே தெரியாது. நம்ம கரையில எல்லாரும் கம்பியைப் புடிச்சுக்கிட்டு நின்னுட்டாங்க. படகுல போறவங்ககூடத் திரும்பிப் பார்த்தாங்க.

"அழாதே. உன் ஊரு உனக்காகக் கதவைத் தொறந்து வெச்சிருக்கு, பாரு"ன்னு சொன்னே. அது கேட்டுச்சு. யாரெலி சிரிச்சுட்டா. "உனக்குப் பதினஞ்சு"ன்னே, அப்புறம் காத்து. "உங்க அம்மாவுக்குப் பதினஞ்சு ஆனப்ப"ன்னு ஆரம்பிச்சே பாரு, சரியா அந்த நேரத்துல பாலத்தை எறக்க மணி அடிச்சுட்டான் பாவி. அப்புறம் உன் வாய் அசையுறது மட்டும்தான் தெரிஞ்சுது. ரொம்ப நேரம் பேசினே. அந்தக் கரையில ஆளுங்க கைதட்டினாங்க. உன் பக்கத்துல நின்ன ஒரு பொம்பளை கண்ணைத் தொடச்சா. எவளோ ஒருத்திக்குக் கேட்டிருக்கு, எனக்குக் கேக்கல.

பாலம் எறங்கினதும் நீ வந்து கிரீடத்தை வெச்சே, லாசரோ விரட்டினாரு, மொச்சைக்கு ஓடினோம், சிங்கத்துக்கு ஓடினோம், ஏரிக்கரைக்கு நேரமே இல்லாம கோயிலுக்கு ஓடினோம். ராத்திரி மண்டபத்துல க்ரிசெல்டா பேசினா, பேசினா, பேசிக்கிட்டே இருந்தா. ஒண்ணும் மனசுல நிக்கல. நீ என்ன சொன்னேன்னு உங்கிட்ட கேட்டேன். எப்பவும் போல சிரிச்சே. வீட்டுக்கு வந்து அம்மா மடியில கொஞ்ச நேரம் படுத்துட்டுத்தான் ஊருக்குக் கிளம்பினேன், அது உனக்கே தெரியும்.

லாசரோ படம் அனுப்பிட்டாரு. யாரெலி சட்டம் போடச் சொன்னது எது தெரியுமா? மொச்சை இல்ல. தூக்கின பாலத்துக்கு முன்னாடி மை வழிஞ்ச மூஞ்சியோட சிரிக்கிறாளே, அது. கிரீடம் இல்ல. உத்துப் பார்த்தா அக்கரையில மஞ்சளா ஒரு பொட்டு. "அதுதான் எங்க சித்தி, பேசிக்கிட்டிருக்காங்க"ன்னு எல்லார்கிட்டயும் காட்டுறா.

என்ன சொன்னேன்னு எழுது. ஒரு வார்த்தை விடாம எழுது.

ரோசியோ


பில்சன்
மே 15

அன்புள்ள அக்கா,

அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அன்று தென்கரைத் துறையில் எங்கள் படகும் பாய்மரப் படகுகள் போகட்டும் என்று காத்துக்கொண்டிருந்திருக்கிறது. நான் எதிரே வரும்போதெல்லாம் என் மேலதிகாரி மைக்கைப் பார்த்துவிட்டு என்னைப் பார்க்கிறார். நான் குனிந்து பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஜப்பானியத் தம்பதியும் அன்று அங்கே இருந்தார்களாம். பாலம் அற்புதம், இவ்வளவு நல்ல சடங்கும் கூடவே நடக்கும் என்று நீங்கள் எழுதவில்லையே என்று கேட்டிருக்கிறார்கள்.

நீ "பேசுடி" என்று சொல்லிவிட்டு வைத்தபிறகு நான் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? கையை நீட்டினேன், அழுத்துவதற்கு. பக்கத்தில் காப்பிக் கோப்பையோடு முன்பின் தெரியாத ஒரு பெண்தான் நின்றிருந்தாள். உன் கை அக்கரையில் இருந்தது. அது இல்லாமல் யாரெலியிடம் ஒன்றைச் சொல்ல எனக்கு வாயைத் தவிர வேறு வழியில்லை. ஆரம்பித்தபிறகு அது அவ்வளவு கஷ்டமாக இல்லை அக்கா. நான் நினைத்துப் பயந்த இருநூறு பேரைவிட அன்று இரு கரையிலும் அதிகம் பேர் இருந்தார்கள். என் கண்ணுக்கு நீங்கள் இரண்டு பேர் மட்டும்தான் தெரிந்தீர்கள். மணி அடித்தது எனக்குக் கேட்கவேயில்லை.

போன சனிக்கிழமை நீரூற்றைத் திறந்துவிட்டார்கள். நான் போனேன். கவுன் போட்ட பெண்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். காற்றடிக்கிற பக்கமாகப் போய் நின்றேன். தொப்பலாக நனைந்தேன். பஸ்ஸில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், நான் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

நீ கேட்டதை நான் எழுதப்போவதில்லை. அதில் பாதி யாரெலிக்கு, மீதி உனக்கு. வாயால் சொன்னதை வாயாலேயே சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

வருகிற ஞாயிறு மாலை நாலு மணிக்கு, தண்ணீர் உயரே எழும் நேரத்தில், நீரூற்றடியில் நின்று உனக்குப் போன் பண்ணுகிறேன். யாரெலியையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள். முதலில் தண்ணீர்ச் சத்தம்தான் கேட்கும். மூச்சு என்று நினைத்து வைத்துவிடாதே. அதற்கு மேலே கத்திப் பேசுவேன்.

உன் தங்கை
நோஹெமி